ரைட் விங்கும் ஒரு சுவரும்

என் அம்மாவிடம் யாராவது, "உம்புள்ள ஃபுட்பால்ல இன்னா ஆடறான்?" என்று கேட்டால், "ஓரமா ஓடிக்கினு இருப்பான்" என்பாள். ஏழு வருடம் சென்னை லீக்கில் ரைட் விங்கராக ஆடிய என்னைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். கோல்கீப்பரைத் திட்டுவதற்காவது பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். விங்கர் கோட்டை ஒட்டி ஓடி, பந்தை நடுவில் அனுப்பிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவான். அந்த ஓட்டத்தை வைத்துத்தான் எனக்கு ஓர் அரசு உத்தியோகம் கிடைத்தது. அது எப்படிக் கிடைத்தது என்பதை இதுவரை ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் தண்டையார்பேட்டையில், டோல்கேட்டுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் குடியிருந்தோம். அப்பாவுக்குக் குடோனில் லோடு ஏற்றி இறக்கும் வேலை. வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் எங்கள் கிரவுண்டு. கிரவுண்டு என்றதும் புல்லை நினைக்க வேண்டாம். கறுப்பு மண், உடைந்த கல், லாரிகளிலிருந்து சிந்திய நிலக்கரித் தூள். கொடுங்கையூர் பக்கமிருந்து காற்றடித்தால் குப்பைப் புகை வந்து எதிர் கோல்போஸ்ட்டை மறைத்துவிடும். கிரவுண்டுக்கு ஒரு பக்கம் கால்வாய். மறுபக்கம், எப்போதோ மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் காம்பவுண்டுச் சுவர். அது இரண்டு ஆள் உயரம்.

சுண்ணாம்பில் கோடு போட்டால் அரை மணி நேரம்கூட நிற்காது. அதனால் சுவரே எங்களுக்குக் கோடு. சுவரில் பட்டுத் திரும்பும் பந்து அவுட் இல்லை, ஆட்டம் தொடரும். சுவரைத் தாண்டி உள்ளே விழுந்தால் மட்டும் அவுட். உதைத்தவனே ஏறிக் குதித்து எடுத்துவர வேண்டும். உள்ளே ஒரு வாட்ச்மேனும் இரண்டு நாய்களும் இருந்ததால் எல்லோரும் பந்தைத் தரையோடு தரையாக உதைக்கப் பழகிக்கொண்டோம்.

எதிரே ஒருவன் மறிக்க வந்தால் எனக்கு இருந்த வழி ஒன்றுதான். பந்தைச் சாய்வாகச் சுவரில் தட்டிவிட்டு, அவனுக்கு மறுபக்கமாக ஓடுவேன். அவன் பந்தைப் பார்ப்பதா என்னைப் பார்ப்பதா என்று முழிப்பதற்குள், பந்து சுவரில் பட்டு எனக்கு முன்னால் வந்து விழும். எந்த இடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது, எந்த இடத்தில் பட்டால் பந்து கோணலாகப் போகும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பாதி ஆட்டத்தில் இரு அணியும் பக்கம் மாறும்போது சுவர் எனக்கு இடது பக்கம் வந்துவிடும். உடனே நான் லெஃப்ட் விங்குக்குப் போய்விடுவேன். சுவரை விட்டுக் கால்வாய்ப் பக்கம் போக எனக்கு மனசு வராது. அப்படி ஆடி ஆடித்தான் எனக்கு இரண்டு காலும் வந்தது. பின்னாளில் ஒரு பத்திரிகைக்காரர் அதைப் பிறவித் திறமை என்று எழுதினார். நானும் இல்லையென்று சொல்லவில்லை.

இருபது வயதில் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தின் அணித் தேர்வுக்குப் போனேன். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அப்போது ஃபுட்பால் என்றால் ஸ்போர்ட்ஸ் கோட்டாதான். ஓர் அலுவலக அணியில் இடம் பிடித்தால் முதலில் தற்காலிக ஊழியன். நன்றாக ஆடிக்கொண்டே இருந்தால், நிரந்தர இடம் காலியாகும்போது கூப்பிடுவார்கள். அதற்கும் இருபத்தைந்து வயதுக்குள் கூப்பிட வேண்டும். தாண்டிவிட்டால் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனாக இருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தேர்வு நடந்த மைதானத்தில் நிஜப் புல் இருந்தது. கோடு வெள்ளை வெளேரென்று இருந்தது. கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு நான்கு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பந்து எனக்கு வந்தது. எதிராளி மறித்தான். என் கால் என்னைக் கேட்கவில்லை. பந்தை வலது பக்கமாகச் சாய்த்துத் தட்டிவிட்டு, அவனைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அருமையான ஓட்டம். திரும்பிப் பார்த்தால் பந்து அதிகாரிகளின் நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

ஒரு தடவை என்றால் பதற்றம் என்று விட்டுவிடலாம். மூன்று தடவை அப்படியே செய்தேன். மூன்றாவது தடவை டீ ஃபிளாஸ்க் சாய்ந்தது. ஓர் அதிகாரி எழுந்து, "யாருக்குப்பா பாஸ் போடறே?" என்று கேட்டார்.

"செவுத்துக்கு சார்" என்றேன்.

அவர்கள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பொய் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றுதான் இருந்தது. அந்த வருடம் என்னை எடுக்கவில்லை.

அடுத்த வருடம் அதே இடம், அதே நாற்காலிகள். இந்தத் தடவை எனக்குப் பின்னால் ரைட் பேக்காக ஒருவனை நிறுத்தினார்கள். அதற்கு முன் அவனை நான் பார்த்ததில்லை. எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்துக்காரன். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். வலை இழுத்து இழுத்துத் தோள் அகன்ற ஆள். மணலில் ஓடிப் பழகியவனுக்குப் புல்தரை மெத்தை மாதிரி இருந்திருக்க வேண்டும். களைப்பு என்பதே அவனிடம் தெரியவில்லை. ஷூக்களை ஒரு பழைய வலைத்துண்டில் முடிந்து எடுத்து வந்திருந்தான்.

வருடம் முழுக்க என்னை நானே திட்டித் திருத்தியும் முதல் பந்திலேயே அதே கூத்து. எதிராளி வந்தான், வலது பக்கம் தட்டிவிட்டேன். தட்டிய கணமே போச்சு என்று தெரிந்துவிட்டது. ஆனால் பந்து கோட்டைத் தாண்டவில்லை. பின்னாலிருந்து ஓடிவந்த நெட்டுக்குப்பத்துக்காரன், எனக்கும் கோட்டுக்கும் இடையே புகுந்து, ஓட்டம் நிற்காமல் ஒரே தொடுதலில் அதை எனக்கு முன்னால் வைத்தான். சுவர் செய்வதைவிடச் சுத்தமாகச் செய்தான். நான் ஓடிப்போய் பந்தை நடுவில் அனுப்பினேன். கோல்.

திரும்பி வரும்போது அவனிடம், "நீ அங்க வருவன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியாமயா குடுத்த?" என்றான் ஆச்சரியமாக. "சரி வுடு மாமு. நீ தட்டு, நான் வந்துகினு இருப்பேன்."

அன்றைக்கு எங்கள் இரண்டு பேரையும் எடுத்தார்கள். என்னை அணியில் சேர்த்தது அவன் கால் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருக்கவில்லை.

மூன்று சீசன் சேர்ந்து ஆடினோம். காலை ஆறு மணிக்குப் பயிற்சி. அவன் எண்ணூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவான். தூக்குச் சட்டியில் பழைய சோறும் கருவாடும் இருக்கும். பயிற்சி முடிந்து அதைப் பிரித்தால் அணியில் பாதிப் பேர் தள்ளிப் போய் உட்காருவார்கள். நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பங்கு கேட்பேன். பத்து மணிக்கு அலுவலகம். எனக்குத் தபால் பிரிவில் கோப்பு தூக்கும் வேலை, அவனுக்கு ரெக்கார்டு ரூம். மேட்ச் உள்ள நாளில் மதியமே அனுப்பிவிடுவார்கள். மேட்சுக்கு மறுநாள், "நேத்து விங்குல பின்னிட்டப்பா" என்று மேசைக்கு மேசை எனக்குப் பாராட்டு. அவனிடம் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அவனும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

பார்க்கிறவர்களுக்கு நான் தட்டுவதும், அவன் திருப்பித் தருவதும்தான் தெரியும். உண்மை வேறு. எப்போது ஓட வேண்டும் என்பதை முடிவு செய்தது அவன். எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "ஹோய்" என்று ஒரு குரல் கொடுப்பான். படகில் வலை இழுக்கும்போது கொடுக்கிற குரலாம் அது. அந்தக் குரல் வந்தால் தட்டுவேன். வராவிட்டால் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். என்னுடைய வேகம் என்று ஊர் சொன்னதில் பாதி அந்தக் குரலின் கணக்கு. இது அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அவன் இதைப் பெரிதாக நினைக்கவில்லை, நான் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு வருடம், நிரந்தர இடம் வந்திருப்பதாகத் தெரிந்தது. ஒரே ஓர் இடம். இருபத்தைந்து வயதைத் தொட்டுக்கொண்டிருந்தவர்கள் அணியில் நாங்கள் இரண்டு பேர்தான். அடுத்த வருடம் வேறோர் இடம் வந்தாலும் எங்களுக்கு உபயோகம் இல்லை.

அதைப் பற்றி நாங்கள் ஒரு தடவைதான் பேசினோம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவன், "உனக்குக் கெடச்சா நான் கடலுக்குப் போறேன். எனக்குக் கெடச்சா நீ இன்னா செய்வ?" என்று கேட்டான். உண்மையான கவலையோடுதான் கேட்டான். அப்பாவுக்கு முதுகு போய் வீட்டில் உட்கார்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. "அதெல்லாம் அப்பால பாத்துக்கலாம்" என்றேன்.

ஒரு வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, விளையாட்டுப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த அதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். அவரும் ஒரு காலத்தில் ஆடியவர். உட்காரச் சொன்னார். தற்காலிக ஊழியனை அந்த அறையில் உட்காரச் சொல்வது வழக்கமில்லை, அதனால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு பேரும் நல்லவங்கதான். ஒரு பேரைத்தான் மேலே எழுதி அனுப்ப முடியும். உன்னைப் பத்தி எனக்குத் தெரியும். அவன்கூட மூணு வருஷமா ஆடறவன் நீ. நீயே சொல்லு, அவன் எப்படி?"

"நல்லா ஓடுவான் சார்."

"அது தெரியுதே. சொந்தமா யோசிச்சு ஆடுவானா? இல்ல நீ குடுக்கறதைத் திருப்பிக் குடுக்கறதோட சரியா?"

அந்த "ஹோய்" குரல் எனக்குத் தொண்டைக்குழி வரைக்கும் வந்தது. சார், நான் எப்போது தட்ட வேண்டும் என்று சொல்வதே அவன்தான் என்று சொல்லியிருந்தால் போதும். மேசைமேல் கண்ணாடியில் ஒரு பேப்பர் வெயிட் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "அதுதான் சார் அவன் ஆட்டம்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு என்னைப் போகச் சொன்னார். நான் பொய் எதுவும் சொல்லவில்லை என்று மாடிப்படி இறங்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் அந்தச் சமாதானம் தீர்ந்துவிட்டது.

இரண்டு மாதத்தில் எனக்கு ஆர்டர் வந்தது. அம்மா அந்தத் தாளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, எழுத்துக் கூட்டி என் பெயரை மட்டும் இரண்டு தடவை படித்தாள். நெட்டுக்குப்பத்துக்காரன் ரெக்கார்டு ரூமிலிருந்து ஓடிவந்து, எல்லோர் எதிரிலும் என்னைத் தூக்கிச் சுற்றினான். "சோக்கா ஆச்சு மாமு! இனிமே உனக்கு பேஜாரே கெடியாது" என்றான். அவன் தோளில் இருந்தபடி எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த மாதக் கடைசியோடு அவனுடைய தற்காலிக வேலை முடிந்தது. ஷூக்களை அதே வலைத்துண்டில் முடிந்துகொண்டு பஸ் ஏறினான்.

அதற்கடுத்த சீசனின் முதல் மேட்சில் எனக்குப் பின்னால் புதிய ரைட் பேக். தன் இடத்தை விட்டு நகராத, ஒழுங்கான பையன். எதிராளி மறித்தான், நான் வலது பக்கம் தட்டிவிட்டு ஓடினேன். பந்து வெளியே போனது. ஒன்றல்ல, முதல் பாதியிலேயே நான்கு. கேலரியில் யாரோ, "பஸ்ஸு புடிக்கப் போவுதுடா பந்து" என்று கத்தினான். அதன் பிறகு வலது பக்கம் தட்டுவதையே விட்டுவிட்டு, உள்பக்கமாக வெட்டி ஆடக் கற்றுக்கொண்டேன். சுமாராக வந்தது. மூன்று, நான்கு சீசன் அப்படியே ஓட்டினேன். நான் அணியில் இருந்ததற்குக் காரணம் என் ஆட்டமா, நான் நிரந்தர ஊழியன் என்பதா என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒரு மழைக்கால மேட்சில் வலது முட்டி திரும்பியது. டாக்டர் இனி ஆட வேண்டாம் என்றார். எனக்கு ஒரு மாதிரி நிம்மதியாகத்தான் இருந்தது.

இத்தனை வருடத்தில் நான் நெட்டுக்குப்பம் போகவில்லை. எண்ணூர் என்ன அமெரிக்காவா? டோல்கேட்டில் பஸ் ஏறினால் போய்விடலாம். ஒரு தடவை அதே டோல்கேட்டில் அவன் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் ஏற வேண்டிய பஸ் அது. கன்டெய்னர் லாரி ஒன்றின் பின்னால் ஒதுங்கி நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனேன். என்னைப் பற்றி எனக்கு அவ்வளவு கேவலமாக இருந்த நாள் வேறில்லை.

முட்டி ஓரளவு தேறிய பிறகு, எங்கள் பழைய கிரவுண்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தொப்பை விழுந்தவர்கள் எல்லாம் சேர்ந்து ஆட ஆரம்பித்தோம். சுவர் அப்படியே இருந்தது. தொழிற்சாலை அப்போதும் மூடித்தான் கிடந்தது. ஒரு ஞாயிறு, ஆள் குறைகிறது என்று எங்களில் ஒருவன் தன்னோடு கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறவனை அழைத்து வந்தான். தூரத்தில் வரும்போதே கையிலிருந்த வலை முடிச்சைப் பார்த்துவிட்டேன். ஓடி ஒளிய லாரி எதுவும் பக்கத்தில் இல்லை.

"இன்னா மாமு, உனுக்கும் தொப்ப வந்துகீது" என்றபடி அவன் என் பக்கத்தில் சுவரோரம் குந்தினான். கொஞ்ச நாள் கடலுக்குப் போனதாகவும், பிறகு யார்டில் கான்ட்ராக்ட் வேலையில் சேர்ந்ததாகவும் சொன்னான். கல்யாணம் ஆகிவிட்டதாம். குரலில் குறை எதுவும் இல்லை. என் முட்டியைப் பற்றிக் கேட்டான். அவன் அப்படி அக்கறையாகக் கேட்கக் கேட்க என்னால் தாங்க முடியவில்லை. லேஸைக் கட்டிக்கொண்டே, அன்று அந்த அறையில் என்னைக் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் ஒரு வார்த்தை விடாமல் அவனிடம் சொல்லிவிட்டேன்.

அவன் வலது கால் ஷூவைத் தட்டி மண்ணை உதிர்த்தான்.

"அந்த ஆபீசரு என்னியும் கூப்ட்டாரு மாமு. உன்னக் கூப்ட்டதுக்கு மொத நாளு."

எனக்கு இது தெரியாது. "இன்னா கேட்டாரு?" என்றேன்.

"இதேதான். அவன் எப்டின்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னாத்த சொல்றது? அவன் முன்னால பந்தப் போட்டா போதும் சார், மிச்சத்த அவன் பாத்துக்குவான்னேன். கீறதத்தான சொன்னேன்."

என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடித்திருந்தாலும் சரி. அவன் மற்ற கால் ஷூவையும் மாட்டிக்கொண்டு எழுந்து, என் முட்டியைப் பார்த்துக் கை நீட்டினான். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. நான் ரைட் விங்கில் நின்றேன், அவன் எனக்குப் பின்னால். வலது கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் சுவர். பந்து எனக்கு வந்தது. எதிரில் ஒருவன் மறித்தான். பின்னாலிருந்து "ஹோய்" என்று குரல் வந்தது. தட்டினேன். பந்து சுவருக்குப் போகும் முன்பே எனக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து வந்து, ஒரே தொடுதலில் எனக்கு இரண்டு எட்டு முன்னால் வைத்தான். இருபத்து மூன்று வயதில் நான் எந்த இடத்துக்கு ஓடி வருவேனோ அந்த இடத்தில் வைத்தான். முட்டி ஒத்துழைக்கவில்லை. நான் பாதி தூரம் போவதற்குள் பந்து கோல்போஸ்ட்டைத் தாண்டி உருண்டு வெளியே போய்விட்டது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர், கொஞ்சம் கிட்டத்தில் போடக் கூடாதா என்று அவனைச் சத்தம் போட்டார்கள்.

அவன் அவர்களைச் சட்டை செய்யவில்லை. "ஓடு மாமு" என்று மட்டும் என்னிடம் சொன்னான். அடுத்த தடவையும் பந்தை அதே இடத்தில்தான் வைத்தான்.